கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பைப் பார்த்த காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இடங்களின் எண்ணிக்கையும் கடைசித் தேதியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறும். அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

என்.சி.சி.-ல சேர்ந்தா கட்டாயம் ராணுவத்துக்குப் போகணுமா சார்?

இல்லை. 1948-ஆம் ஆண்டு தேசிய மாணவர் படைச் சட்டத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. கேடட்டாக, அதாவது என்.சி.சி. மாணவராக, இருப்பதால் போருக்குப் போக வேண்டிய கடமை யாருக்கும் வராது. படிப்பு முடிந்ததும் வங்கிக்குப் போகலாம், ஆசிரியர் ஆகலாம், கடை வைக்கலாம்.

பெற்றோர்களின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. தாத்தா காலத்துக் கதைகள் இன்னும் வீட்டில் உலவுகின்றன. இன்று விரும்புகிறவர்கள் மட்டும்தான் சேர்கிறார்கள்.

ஆபீசர்னா ரேலிக்குப் போய் ஓடி சேர்றதுதானே?

அது வேறு வழி. ஆள்சேர்ப்பு ரேலியில் சேர்கிறவர் படைவீரர்; இப்போது அக்னிவீர் என்று சேர்க்கிறார்கள். அதிகாரியாகச் சேர்கிறவர் லெப்டினன்ட் பதவியில் தொடங்குகிறார், ஏறத்தாழ முப்பது வீரர்கள் கொண்ட ஒரு பிளாட்டூனை முதல் நாளிலிருந்தே நடத்தும் பொறுப்புக்குத் தயாராகிறார். தகுதி, தேர்வு, பயிற்சி எல்லாமே வேறு. பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இரண்டாவது வழி இருப்பதே தெரியவில்லை என்பதுதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஸ்கூல்ல என்.சி.சி. எடுக்கலையே, காலேஜ்ல சேர முடியுமா?

முடியும். பள்ளியில் வாங்கும் 'ஏ' சான்றிதழ் இல்லாவிட்டாலும் கல்லூரியில் மாணவர்களுக்கான சீனியர் டிவிஷனிலோ, மாணவிகளுக்கான சீனியர் விங்கிலோ சேரலாம். ஆனால் முதலாமாண்டு வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். இரண்டாமாண்டில் வந்து கேட்டால், மூன்று வருடப் பட்டப்படிப்பில் 'சி' சான்றிதழுக்கு வேண்டிய காலம் போதாமல் போய்விடும். ஆகவே சேர்க்கை நாளன்றே என்.சி.சி. அறை எங்கே என்று கேட்டு வையுங்கள்.

பரேடு, கேம்ப்னு போனா படிப்பு கெட்டுப்போகாதா?

பரேடு பெரும்பாலும் வார இறுதியில்தான். வருடாந்திர கேம்ப் பத்து நாள். குடியரசு நாள் முகாமுக்குத் தேர்வானால் மட்டும் நிலைமை மாறும். அதற்குப் படிப்படியாகப் பல தேர்வு முகாம்கள் இருக்கும், ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி போய்விடும். டெல்லி கர்தவ்ய பாதையில் நடக்கும் வாய்ப்பு பெரிது என்பதில் சந்தேகமில்லை. விட்டுப்போகும் பாடங்களை எப்படி ஈடுகட்டுவது என்று துறைத் தலைவரிடம் முன்னதாகவே பேசிவிட்டுப் போக வேண்டும்.

2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை விருப்பப் பாடமாக, மொத்தம் 24 கிரெடிட்டுகளுடன் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

'பி' சர்டிஃபிகேட், 'சி' சர்டிஃபிகேட் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாமாண்டு முடிவில் எழுதுவது 'பி', மூன்றாமாண்டில் எழுதுவது 'சி'. 'பி' இல்லாமல் 'சி' எழுத முடியாது. இரண்டுக்கும் 75 சதவீதப் பரேடு வருகை வேண்டும். கேம்ப் போயிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வோடு டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல் போன்ற செய்முறைகளும் உண்டு.

'சி' சான்றிதழில் ஏ, பி, சி என்று கிரேடு போடுவார்கள். என்.சி.சி. வழியாக அதிகாரி ஆக ஏ அல்லது பி கிரேடு வேண்டும். 'எனக்குத்தான் சி சர்டிஃபிகேட் இருக்கே' என்று நம்பிக்கையோடு வந்து, கிரேடைப் பார்த்ததும் முகம் வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் புத்தகத்தைத் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

'சி' சர்டிஃபிகேட் இருந்தா வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. ஆனால் ஒரு பெரிய கதவு திறக்கிறது. ராணுவத்தில் 'என்.சி.சி. சிறப்பு நுழைவு' என்று ஒரு வழி இருக்கிறது. இதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது. விண்ணப்பங்களைச் சுருக்கிப் பட்டியல் போட்டு நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்கு அழைப்பார்கள். வயது 19-லிருந்து 25-க்குள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பட்டப்படிப்பில் 50 சதவீதம் மொத்த மதிப்பெண் வேண்டும். மேலே சொன்ன கிரேடும் வேண்டும். போரில் வீரமரணம் அடைந்தோர், காயமடைந்தோர், காணாமல் போனோரின் பிள்ளைகளுக்கு மட்டும் 'சி' சான்றிதழ் தேவையில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். இடங்கள் குறைவு, பெண்களுக்கு மிகக் குறைவு. இது தவிர, டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதமிக்கு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) வழியாக எடுக்கும் இடங்களிலும் 'சி' சான்றிதழ் வைத்திருப்போருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அக்னிவீர் தேர்விலும் தமிழ்நாடு காவலர் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும்.

எங்க காலேஜ்ல என்.சி.சி.யே இல்ல. அப்போ அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். சென்னை ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாதமி) ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள். டேராடூன், கடற்படை, விமானப்படை என்றால் பத்தாம் வகுப்பு அளவிலான கணக்குத் தாளும் சேரும். தாளுக்கு 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும்.

சட்டம் படித்தவர்களுக்கு ஜே.ஏ.ஜி. என்ற ராணுவச் சட்டப் பிரிவு வழியும், பொறியியல் படித்தவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தொழில்நுட்ப நுழைவும் உண்டு. பொறியியல் மாணவர்கள் கேம்பஸ் இன்டர்வியூ பரபரப்பில் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நான் ஆர்ட்ஸ் குரூப். ஆபீசராக சயின்ஸ் படிச்சிருக்கணுமா?

தரைப்படைக்கு எந்தப் பட்டமும் போதும். கடற்படைக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். விமானப்படை விமானி ஆக, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். மேஜர் முகுந்த் வரதராஜன் வணிகவியல் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். 2006-இல் சென்னை ஓ.டி.ஏ.விலிருந்து ராஜ்புத் ரெஜிமென்டுக்குப் போனார். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் வீரமரணம் அடைந்த அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது.

தமிழ் மீடியத்துல படிச்சேன். இங்கிலீஷ் தடுமாறும். நான் போகலாமா?

போகலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சி.டி.எஸ். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. எஸ்.எஸ்.பி.யிலும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது கூடுதல் சுமை என்பதை நான் மறுக்க மாட்டேன்.

அங்கே எதிர்பார்ப்பது அலங்கார ஆங்கிலம் கிடையாது. சொல்ல வந்தது எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இலக்கணம் ஓரிடத்தில் பிசகினால் நின்று தலைகுனியாமல் மேலே போங்கள். முதலாமாண்டிலிருந்தே தினமும் ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் படித்து, அதில் ஒரு செய்தியை நண்பனிடம் மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால் மூன்றாமாண்டில் பயம் பெருமளவு போய்விடும். அரசுப் பள்ளியில் படித்து இப்படியே பழகித் தேர்வான மாணவர்கள் எனக்குத் தெரியும். இந்தியைப் பயிற்சியின்போதும் படைப்பிரிவிலும் வீரர்களோடு பழகிக் கற்றுக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.பி.ன்னா அஞ்சு நாள் இன்டர்வியூவா? அவ்வளவு நாள் என்னதான் கேப்பாங்க?

ஐந்து நாளும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் நாள் ஸ்கிரீனிங். அறிவுத்திறன் தேர்வு ஒன்று. பிறகு மங்கலான படம் ஒன்றை 30 விநாடி காட்டி, கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவாகப் பேசி ஒரே கதையாக்கச் சொல்வார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தங்கியவர்களுக்கு அடுத்தது உளவியல் தேர்வு. பன்னிரண்டு படங்களுக்குக் கதை. கடைசிப் படம் வெற்றுத்தாள். 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். அப்புறம், உங்களைப் பற்றிப் பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு தன்விவரம். அடுத்த இரண்டு நாள் மைதானத்தில் குழுப் பணிகள். நடுவில் ஒருநாள் தனி நேர்காணல். கடைசி நாள் கான்ஃபரன்ஸ், அன்றே முடிவு.

உளவியலாளர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி என்று மூன்று பேர் தனித்தனியாக உங்களை எடைபோடுகிறார்கள். நினைப்பது, சொல்வது, செய்வது மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதுதான் பார்வை. 15 குணங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துப் பார்க்கிறார்கள். பொறுப்புணர்வு, ஒத்துழைப்பு, விரைந்து முடிவெடுத்தல், தைரியம் எல்லாம் அதில் அடங்கும்.

குரூப் டிஸ்கஷன்ல சத்தமா, முதல்ல பேசுறவனைத்தானே லீடர்னு எடுப்பாங்க?

இந்த நம்பிக்கைதான் நம் பிள்ளைகளை அதிகம் கெடுக்கிறது. பரேடு மைதானத்தில் கமாண்டு கொடுக்கக் குரல் வேண்டும், உண்மைதான். அதைப் பார்த்துவிட்டு, தலைமை என்றாலே சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மைதானப் பணி எப்படி இருக்கும் என்று பாருங்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு. கையில் ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு, கூடவே சுமக்க வேண்டிய ஒரு பாரம். சிவப்பு பூசிய இடத்தில் கால் படாமல் எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். ஒருவன் 'இதைச் செய், அதைச் செய்' என்று கத்துகிறான். இன்னொருவன் பலகையின் முனையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கடக்கும் வரை தன் எடையால் அதைப் பிடித்துக்கொள்கிறான். மூன்றாமவன் பின்னால் தயங்கி நிற்கும் உயரம் குறைந்த பையனைப் பார்த்து, 'நீ சொன்ன யோசனை சரிதான், முயற்சி பண்ணுவோம்' என்கிறான். அதிகாரியின் கண் இரண்டாமவன் மேலும் மூன்றாமவன் மேலும்தான் நிற்கும்.

கமாண்ட் டாஸ்க் என்று ஒன்று வரும். அதில் நீங்கள்தான் தலைவர், உதவிக்கு ஓரிருவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பாதியில் அதிகாரி வந்து உங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்போது எரிச்சல் வருகிறதா, இருக்கிற பலகையை வைத்து வேறு வழி யோசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார். கலந்துரையாடலும் அப்படியே. பேச விடாமல் தவிக்கும் ஒருவருக்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தவர் குறைவாகப் பேசியிருந்தாலும் கணக்கில் வருவார். அதற்காக வாயே திறக்காமல் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

அப்போ இதுக்கு கோச்சிங் போகணுமா?

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ள சில நாள் பயிற்சி உதவும். கதைகளையும் பதில்களையும் மனப்பாடம் செய்து கொடுக்கும் இடம் என்றால் வேண்டாம். மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள் என்று மேலே சொன்னேன். உளவியல் தாளில் எழுதிய வீரன் மைதானத்தில் காணாமல் போனால் அங்கேயே தெரிந்துவிடும்.

கல்லூரி நாட்களில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. துறை விழாவில் யாரும் எடுக்காத வேலையை எடுங்கள். கேம்ப்பில் சமையல், சுத்தம், காவல் என்று எது கொடுத்தாலும் முடித்துக் காட்டுங்கள். குழு விளையாட்டு ஒன்று பழகுங்கள். நேர்காணலில் 'நீங்கள் பொறுப்பு எடுத்துச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது சொல்ல உண்மையான விஷயம் கையில் இருக்கும்.

ஒரு தடவை வேண்டாம்னு அனுப்பிட்டா மறுபடி போகலாமா?

வயது இருக்கும்வரை போகலாம். பல முயற்சிகளுக்குப் பிறகு தேர்வாகி வந்த அதிகாரிகள் நிறையப் பேர். ஒரு நுழைவு வகைக்கு முதல்முறை போகும்போது ரயில் கட்டணத்தையும் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டை பத்திரமாக வையுங்கள். தரைப்படைக்கான எஸ்.எஸ்.பி. பெரும்பாலும் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தரில் நடக்கும். கடற்படைக்குக் கோயம்புத்தூரிலேயே ஒரு மையம் இருக்கிறது.

எல்லாம் தேறிட்டு மெடிக்கல்ல போயிடுமாமே?

போகலாம். எடை, காதில் அழுக்கு, பல் போன்றவை சரிசெய்யக்கூடியவை. தற்காலிகத் தகுதியின்மை என்று சொல்லி அவகாசம் தருவார்கள். வேறு குறைகளுக்கு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம். நிறக்குருடு போன்றவற்றை மாற்ற முடியாது என்பதால், இரண்டாமாண்டிலேயே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது.

பச்சை குத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடங்களில் நிரந்தரப் பச்சை இருந்தால் நிராகரிக்கப்படலாம். பழங்குடி வழக்கப்படி குத்தியதற்கு மட்டும் விலக்கு உண்டு. திருவிழாவில் ஆசைக்குக் குத்திக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

ஓ.டி.ஏ.ன்னா பரங்கிமலையில இருக்கிறதுதானே? அங்க பீஸ் எவ்வளவு?

அதேதான். 1962 போரின்போது அதிகாரிகள் போதாமல் போனதால் 1963-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது, 1988-இல் அகாதமி ஆனது. பயிற்சி 49 வாரம். கட்டணம் கிடையாது. மாறாக, பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயமும் கிடைக்கும். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டால் மட்டும் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

டிரில், உடற்பயிற்சி, ஆயுதம், போர்த்தந்திரம், வெளிமுகாம், வகுப்பு என்று அதிகாலை தொடங்கி இரவு வரை ஓடும். குறித்த தரத்தை எட்டாதவர்களை அடுத்த தொகுதிக்குத் தள்ளுவார்கள். அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன் பெயர். இங்கே பயின்று 1972-இல் அதிகாரியானவர் அவர். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்த அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்த மைதானத்தில்தான் ஒவ்வொரு தொகுதியும் கடைசி அணிவகுப்பை நடத்துகிறது. அது முடிந்ததும் பெற்றோரே பிள்ளையின் தோளில் நட்சத்திரம் சூட்டுவார்கள்.

எங்க காலேஜ் என்.சி.சி. சாரும் தோள்ல ஸ்டார் வெச்சிருக்காரு, அவரும் ஓ.டி.ஏ.தான்னு சொல்றாரு. அவர் ஆர்மி ஆபீசரா?

அவர் ஏ.என்.ஓ., அதாவது என்.சி.சி. பொறுப்பேற்ற கல்லூரி ஆசிரியர். அவர்களுக்கான பயிற்சி நாக்பூர் அருகே காம்ப்டியில், பெண்களுக்கு குவாலியரில். அந்த இடங்களையும் ஓ.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். சென்னை ஓ.டி.ஏ. வேறு. யூனிட் அலுவலகத்தில் இருக்கும் கர்னலும் உங்களுக்கு டிரில் கற்றுத்தரும் ஹவில்தாரும் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள்.

பொண்ணுங்களுக்கு ஆபீஸ் வேலை மட்டும்தான் தருவாங்களா?

மருத்துவம், செவிலியர் தவிர்த்த பிரிவுகளுக்கு 1992-இல் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கினார்கள், முதல் பயிற்சி சென்னையில்தான். சிக்னல்ஸ், பொறியியல், போக்குவரத்து, உளவு என்று பல பிரிவுகளில் இருக்கிறார்கள். நிரந்தரப் பணிக்கு ஆண்களைப் போலவே பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் பீரங்கிப் படையிலும் பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் திறக்கவில்லை. திறமையான மாணவிகளைப் பார்க்கும்போது இந்த எல்லைகள் எனக்கு வருத்தமாகவே இருக்கின்றன.

சார், 10 வருஷம் கழிச்சு அனுப்பிடுவாங்களாமே, அப்புறம் என் பையன் என்ன பண்ணுவான்?

ஓ.டி.ஏ. வழி (என்.சி.சி. சிறப்பு நுழைவும் இதில்தான் சேரும்) குறுகியகாலப் பணி. பத்தாம் ஆண்டில் நிரந்தரப் பணி கேட்கலாம், கிடைக்காவிட்டால் மேலும் நான்கு ஆண்டு நீட்டிக்கலாம், அல்லது வெளியே வரலாம். அப்படி வெளியே வருபவருக்குப் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. இதை மறைத்துப் பேசுவது தவறு.

லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணி ஊதியம் 15,500, அகவிலைப்படி தனி. முப்பத்தைந்து வயதுக்குள் வெளியே வருபவருக்கு நிர்வாக அனுபவமும் சேமிப்பும் இருக்கும். சிவில் சர்வீஸ் தேர்வில் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு. ஆனால் ஆபத்தே இல்லாத வேலை என்று எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை. பிள்ளையும் வீடும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

ஒரு அரியர் இருக்கு. என்.சி.சி. என்ட்ரி, சி.டி.எஸ். ரெண்டும் போடலாமா, ஒண்ணுதான் போடணுமா?

இரண்டையும் போடலாம். தனித்தனி விண்ணப்பம், தனித்தனி எஸ்.எஸ்.பி.; ஒன்றில் நிராகரிக்கப்பட்டது மற்றதைப் பாதிக்காது. இறுதியாண்டு மாணவர் என்.சி.சி. வழியில் போட, அதுவரையிலான ஆண்டுகளில் 50 சதவீதம் இருக்க வேண்டும். பட்டம் முடிக்கும்போதும் அது குறையக் கூடாது. பட்டச் சான்றை அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் காட்டாவிட்டால் தேர்வானாலும் சேர்க்க மாட்டார்கள். அதனால் அரியரை அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிடுங்கள். விண்ணப்பத்துக்காக, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், இனிஷியல் எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் 'சி' சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாறியிருந்தால் யூனிட் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துத் திருத்தி வாங்க நாளாகும்.